இராசாத்தியக்கா கடை மெசின்

தோகா
12 சனவரி 2025

அன்பின் லவீனாவுக்கு,

நேற்று போனை வைத்தது யார் என்று இனி விவாதிக்க வேண்டாம். நீர் வைத்தீர் என்று நான் சொல்லுவேன், சிக்னல் போனது என்று நீர் சொல்லுவீர். கல்யாணத்துக்கு முதல் நடந்த வகுப்பில் கிறிஸ்துநாயகம் சுவாமி சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "வாயாலை கதைச்சுச் சண்டையாகிற விசயத்தைக் கடதாசியிலை எழுதுங்கோ. கடதாசி குறுக்கை கதைக்காது" என்றார். ஆகவே எழுதிப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீரும் எழுதும். குரல் பதிவு மட்டும் வேண்டாம். உம்முடைய குரல் பதிவில் முதல் பாதி அழுகை, மிச்சப் பாதி ஏச்சு.

விசயம் இதுதான். ஓகஸ்ற் மாதம் எங்கள் மெரிஷாவுக்கு முதல் நன்மை, பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். கொம்பனி எனக்கு லீவு தரும், ரிக்கெற் தராது. இரண்டு வருசத்துக்கு ஒருக்கால்தான் தருவார்கள், அடுத்தது 2026இல். சொந்தக் காசில் எடுத்தால் வீட்டுக் கடன் தவணை படுத்துவிடும். அதனால்தான் இந்தக் கிறெடிற் காட் கதையை எடுத்தேன். உம்மிடம் கணக்குக் கேட்க அல்ல.

எங்களிடம் மூன்று அட்டை இருக்கிறது. என்னுடைய தோகா அட்டை தருகிற பொயின்ற்ஸுக்குத் துவாயும் சட்டியும்தான் வாங்கலாம். உம்மிடம் இருக்கிற நீல அட்டை, வங்கிக்காரர் உம்முடைய ஆஸ்பத்திரிக்கு வந்து நேர்ஸ்மார் எல்லாருடைய தலையிலும் கட்டிவிட்டுப் போனது. செவ்வாய்க்கிழமைகளில் சூப்பர் மாக்கெற்றில் கழிவு, வேறு ஒன்றும் இல்லை. மற்றது விமான மைல் சேர்கிற அட்டை. அதற்குப் பெப்ரவரியில் வருடக் கட்டணம் வருகிறது. வைத்திருப்பதா, வெட்டி எறிவதா, ஒரு படி மேலே உள்ளதற்கு மாறுவதா என்று அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் மாறுவோம். மேல்படி அட்டைக்குக் கட்டணம் கூடத்தான். ஆனால் முதல் மூன்று மாதத்தில் அவர்கள் சொல்லுகிற தொகைக்குச் செலவு செய்தால் ஒரேயடியாக மைல் கொட்டுவார்கள். இருக்கிற மைலோடு சேர்த்தால் எனக்கு ஒரு போய்வரும் ரிக்கெற் வந்துவிடும். தொகை எட்டாவிட்டால் கட்டணமும் போச்சு, மைலும் இல்லை. ஆகவே அந்த மூன்று மாதமும் சீனி, மா, சவர்க்காரம், பால்மா எல்லாம் ரவுணுக்குப் போய் சூப்பர் மாக்கெற்றில் வாங்கும். எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கிற இராசாத்தியக்கா கடையில் காசு கொடுத்து வாங்குவதை நிற்பாட்டும். நேற்று நான் சொன்னது இவ்வளவுதான். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

பிள்ளை வெள்ளைச் சட்டையோடு கோயிலுக்குள் போவதை நான் போன் திரையில் பார்க்கக் கூடாது. எனக்கு வேறு ஆசை இல்லை.

றொகான்

குருநகர்
17 சனவரி 2025

என்ரை மனுசனுக்கு,

போனை வைத்தது நான்தான். ஒத்துக்கொண்டுவிட்டேன், இனி அந்தக் கதையை விடுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் ஹோட்டல் கணக்குப் பிரிவை விட்டு வங்கி தொடங்கிவிட்டீர்களோ என்று நினைத்தேன். வைத்திருப்பதா வெட்டுவதா என்று நீங்கள் எழுதியதை என்ரை ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆரைப் பிள்ளை வெட்டப் போறாராம்?" என்று கேட்கிறார்.

நீங்கள் வரவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைக்காதேங்கோ. மெரிஷா ஞானோபதேச வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் அப்பா வருவார் என்று சொல்லிவைத்திருக்கிறாள். நான் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே முடிவெடுத்துவிட்டாள்.

ஆனால் இராசாத்தியக்காவை விடமுடியாது. ஏன் என்று உங்களுக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் நீங்கள் அங்கே ஒழுங்காகச் சாப்பிடமாட்டீர்கள் என்று விட்டுவிட்டேன். 2022இல் நீங்கள் பிளேன் ஏறின பிறகு, நாடு முழுக்க வந்த தட்டுப்பாட்டில் இங்கே பால்மா என்று ஒரு சாமான் இருந்ததே மறந்துபோனது. மெரிஷாவுக்கு அப்போது ஐந்து வயது, பால் இல்லாமல் நித்திரை கொள்ளமாட்டாள். இராசாத்தியக்கா அரிசிச் சாக்குக்குக் கீழே ஒரு பைக்கெற் ஒளித்துவைத்திருப்பா. கூடின விலைக்குக் கேட்டு வந்தவர்களுக்கும் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுவா. அது முடிந்தால் எங்கேயோ தேடிப்பிடித்து இன்னொன்று வைப்பா. "நீ வேலைக்குப் போ பிள்ளை. நான் பொய் சொன்னதைச் சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லிக் கழிச்சுப் போடுவன்" என்பா. எத்தனை தரம் அதே பாவத்தைச் சொன்னாவோ, சுவாமிக்கே அலுத்திருக்கும்.

மண்ணெண்ணெய் இல்லாமல் ஐயாவின் வள்ளம் கரையில் கிடந்த நாட்களிலும் அந்தக் கடையில்தான் எங்களுக்குக் கடனுக்கு அரிசி. ஒரு நாள்கூட முகம் சுழிக்கவில்லை. இப்போது நான் சூப்பர் மாக்கெற் பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடை வாசலால் எப்படி நடக்கிறது? எங்கள் ஒழுங்கைக்கு வேறு வழியும் இல்லை.

அட்டையை மாற்றுவோம், அதற்குச் சம்மதம். கரண்ட் பில், தண்ணீர் பில், ஸ்கூட்டிக்குப் பெற்றோல், மெரிஷாவின் வெள்ளைச் சட்டைத் துணி எல்லாம் அதிலே போடுகிறேன். ஐயா ரவுணில் வலை வாங்கப் போகிறார், அதையும் அதிலே போட்டுவிட்டு அவரிடம் காசு வாங்குகிறேன். அதற்குள் எட்டினால் எட்டட்டும். இராசாத்தியக்கா கடைக்குக் காசுதான்.

லவீனா

தோகா
25 சனவரி 2025

அன்பின் லவீனாவுக்கு,

பால்மா விசயம் எனக்குத் தெரியாது. உம்முடைய கடிதத்தை வேலைத்தலத்தில் வைத்து வாசித்தது பிழை. பக்கத்து மேசைப் பார்த்தீபன் "என்னண்ணை, ஊரிலை ஏதும் துக்கமோ?" என்று கேட்டான். இல்லையடா, நன்றாக இருக்கிறார்கள், அதுதான் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

இராசாத்தியக்கா கடையை நிற்பாட்டச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அந்தக் காலம் நான் இங்கே ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் பிள்ளையின் பாலுக்கு யாரோ ஒரு மனுசி பாவம் சுமந்திருக்கிறா.

அட்டையை உம்முடைய விருப்பப்படி மாற்றும். நான் தோகா அட்டையை விட்டுவிட்டு மைல் தருகிற ஒன்றுக்கு மாறிவிட்டேன், அது சேர நாளெடுக்கும். நீல அட்டைக்குக் கட்டணம் இல்லை, கிடக்கட்டும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கரண்ட் பில்லும் பெற்றோலும் யானைப் பசிக்குச் சோளப்பொரி. நான் கணக்குக்காரன். எட்டாது என்று எனக்குத் தெரிகிறது. எட்டாவிட்டால் நீர் உம்மை நோகவேண்டாம். மெரிஷாவுக்கு நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

றொகான்

குருநகர்
9 மார்ச் 2025

என்ரை மனுசனுக்கு,

ஒன்றரை மாதமாக நான் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டு போனிலும் ஓம், இல்லை என்று மட்டும் கதைக்கிறீர்கள். எழுத வெட்கமாக இருந்தது. புது அட்டை வந்தது, நீங்கள் சொன்னது போலவே தொகையில் காற்பங்குகூட ஆகவில்லை. வலைக்கும் ஐயா பாதிக் காசை முன்னமே கொடுத்துவைத்திருந்தாராம்.

இப்போது எழுதுவது வேறு விசயம். முழுக்க வாசியுங்கள், இடையில் போன் எடுக்காதேங்கோ.

போன மாதம் ஒரு நாள் டியூட்டி முடிந்து தேயிலை வாங்கக் கடைக்குப் போனேன். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று இராசாத்தியக்கா கேட்டா. நானும் வாய் பொறுக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மைல், மூன்று மாதம், சூப்பர் மாக்கெற், எல்லாம். உங்கள் கடைக்கு வராமல் விடமாட்டேன் என்றும் சொன்னேன். அவ தேயிலையைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"அங்கை போய் உந்தக் காட்டைத் தேய்ச்சால் தம்பி வருவானெண்டால், இஞ்சை தேய்ச்சால் வரமாட்டானோ?"

அதுக்கு மெசின் வேணுமக்கா என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கிழமை வங்கியிலிருந்து ஒரு பெடியன், றஜிந்தன் என்று பெயர், மோட்டார் சைக்கிளில் வந்து மெசினை வைத்துவிட்டுப் போனான். வாழைக்குலை தொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், மழைத் தூவானம் படாமல் மேலே ஒரு பொலித்தீன் பையும் போட்டுவைத்திருக்கிறா. முதலாவதாகத் தேய்த்தது என்னுடைய அட்டைதான். துண்டு வெளியே வர, இராசாத்தியக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டா.

கதை அதோடு முடியவில்லை. கூடுதலாகச் சாமான் வாங்க வருகிறவர்களை இப்போது அவ சும்மா விடுவதில்லை. "காசை லவீனாட்டைக் குடு. அவள் தேய்ப்பாள். றொகான் வரவேணும்" என்கிறா. பின்னேரம் நான் வீட்டுக்கு வர முன்னமே இரண்டு மூன்று பேர் கடை மர வாங்கிலில் குந்திக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். தம்பிராசா அண்ணை மகள் பெரியபிள்ளையானதுக்கு வைத்த சாமத்தியச் சடங்குக்குச் சாமான் முழுக்க அப்படித்தான் வாங்கினார். கை நீட்டி வாங்குகிற காசை அடுத்த நாளே வங்கியில் கட்டிவிடுகிறேன், பயப்பட வேண்டாம்.

ஊர் கூடித் தேர் இழுக்கிறது என்பார்கள். எங்கள் ஒழுங்கை கூடி உங்களைத் தோகாவிலிருந்து இழுக்கிறது. நான் இதற்கு என்ன தவம் செய்தேன் என்று தெரியவில்லை.

லவீனா

தோகா
11 மே 2025

அன்பின் லவீனாவுக்கு,

தொகை எட்டி, மைலைக் கொடுத்து நீர் எடுத்து அனுப்பிய ரிக்கெற் வந்து சேர்ந்தது. ஓகஸ்ற் 13 இங்கிருந்து, 14 விடிய கட்டுநாயக்கா விமான நிலையம், அன்று பின்னேரம் குருநகர். இதை எத்தனை தரம் திறந்து பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர். பார்த்தீபனுக்குக் காட்டினேன், சமையல்காரருக்குக் காட்டினேன், வாசல் காவலாளி நேபாளக்காரன், அவனுக்கும் காட்டினேன். அவன் கையைக் குலுக்கினான்.

கடவுளுக்கும், உமக்கும், எங்கள் ஒழுங்கைக்கும் நன்றி என்று எழுதத்தான் இருந்தேன். எழுத முன்னம் வேலை இருந்தது. மாத முடிவுக் கணக்கு. அதில் ஒரு வரி உண்டு, மாதா மாதம் நானே கைப்படப் பதிகிற வரி. ஹோட்டலில் யாராவது அட்டையால் கட்டினால், கட்டின தொகை முழுக்க எங்களுக்கு வராது. நூற்றுக்கு இரண்டோ மூன்றோ வங்கி கழித்துக்கொண்டுதான் தரும். அந்தக் கொமிசனை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குத் தலையில் அடித்தது போல உறைத்தது.

லவீனா, இந்த மைலை வங்கி தரவில்லை. கடைக்காரர் தருகிறார். சூப்பர் மாக்கெற் என்றால் அதற்கு ஒரு பொருட்டில்லை. இராசாத்தியக்காவுக்குச் சீனியில் நிற்கிற இலாபமே அவ்வளவுதான். தம்பிராசா அண்ணையின் சாமத்தியச் சாமான் முழுக்க அவ இலாபமில்லாமல் விற்றிருக்கிறா. அதோடு மெசினுக்கு மாத வாடகையும் இருக்கும்.

மூன்று வருசமாக அந்த வரியைப் பதிகிறவன் நான். எட்டுமா எட்டாதா என்று உமக்குப் பாடம் எடுத்தவன். அவவின் கடைக்கு மெசின் வந்தது என்று நீர் எழுதியபோது துள்ளிக் குதித்தேனே தவிர, யார் தலையில் விழுகிறது என்று யோசிக்கவில்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். அதுவும் வேதக்காரன் உடைத்திருக்கிறேன்.

இனி ஒருவரும் உம்முடைய அட்டையைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லும். அவவிடம் எவ்வளவு கழிந்தது என்று கேட்டு, வாடகையும் சேர்த்து ஒரு என்வலப்பில் வைத்துக் கொடும். நான் காசு அனுப்புகிறேன். தயவுசெய்து இந்தக் கிழமையே.

றொகான்

குருநகர்
18 மே 2025

என்ரை மனுசனுக்கு,

கொடுக்கவில்லை. கொடுக்கப் போனேன், முடியவில்லை. ஏசாமல் கேளுங்கள்.

ஞாயிற்றுப் பூசை முடிந்து கடைக்குப் போய், அக்கா உங்களுக்கு இதிலே நட்டம் என்று எங்களுக்குத் தெரியாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று என்வலப்பை நீட்டினேன். அவவுக்கு முகம் மாறிவிட்டது. நான் அவவை அப்படிக் கண்டதில்லை.

"எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனி? மெசின் பூட்ட வந்த பெடியன் அண்டைக்கே சொன்னவன். அம்மா, உங்களுக்கு இது கட்டாது, யோசியுங்கோ எண்டவன். நான்தான் பூட்டடா எண்டனான்."

ஏனக்கா என்றேன். 

"உன்ரை அவர் வெளிக்கிட்டுப் போகேக்கை பிள்ளை இந்த வாசலிலை நிண்டு கத்தினது எனக்கு இன்னும் காதுக்கை கிடக்கு. பால்மாவை ஒளிச்சு வைச்சுத் தந்தன். தேப்பனை எங்கை போய் ஒளிச்சு வைச்சுத் தாறது? இப்பதான் ஒரு வழி கிடைச்சுது. உதை உள்ளுக்கை வை. வைக்காட்டில் இனிக் கடைப்பக்கம் வராதை."

உள்ளே வைத்துவிட்டேன். கையில் என்வலப்போடு வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். அதை ஐயா பார்த்துவிட்டு, ரிக்கெற் இல்லையென்று ஆகிவிட்டதோ என்று பயந்துபோனார்.

நீங்கள் சொன்னது போல மற்ற ஆட்களை நிற்பாட்டிவிட்டேன். நானும் காசுக்குத்தான் வாங்குகிறேன். காசாகக் கொடுத்து இந்த நன்றியைத் தீர்க்க முடியாது, விளங்குகிறதா? தீர்க்கிற மாதிரி அவ அதைத் தரவுமில்லை. வருகிறபோது நீங்களே யோசித்துக்கொண்டு வாருங்கள். என்னால் ஏலாது.

லவீனா

தோகா
7 செப்ரெம்பர் 2025

அன்பின் லவீனாவுக்கு,

வந்து சேர்ந்து ஒரு கிழமை. அறையில் இன்னும் உம்முடைய எள்ளுருண்டை வாசம் இருக்கிறது, பார்த்தீபன் பாதியை முடித்துவிட்டான்.

பெட்டியோடு நேரே கடைக்குப் போனதற்கு இன்னும் கோபமா? பெண்சாதி வாசலில் நிற்க, மருமகன் கடைக்குப் போனான் என்று மாமா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம். என்ன செய்ய, கால் அங்கேதான் போனது. பிளேனில் வரும்போது முழுக்க என்ன சொல்லுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். நல்ல நல்ல வசனம் எல்லாம் கட்டிவைத்திருந்தேன். அங்கே போய் நின்றதும் அக்கா என்று மட்டும் சொன்னேன். அவ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போனாய். முதலிலை வீட்டை போ, பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது" என்றா. என்னுடைய நன்றியுரை அதோடு சரி.

பிறகு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் மெழுகுதிரியோடு வரிசையாக வரும்போது மெரிஷா என்னைத் தேடித் திரும்பிப் பார்த்ததை நீர் கண்டீர்தானே. சுவாமி முன்னுக்குப் பார்க்கச் சொன்ன பிறகும் பார்த்தாள். நான் இருக்கிறேன் என்று நிச்சயமான பிறகுதான் முன்னுக்குத் திரும்பினாள். மூன்றாவது வாங்கிலில் இராசாத்தியக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தா. அவ என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. எனக்கு இருந்த பாரம் அப்போது இறங்கினது. தந்ததை அவ கண்ணால் கண்டுவிட்டா. அதற்கு மேல் நான் என்ன கொடுக்க இருக்கிறது.

வேலைக் கதைக்கு வருகிறேன். அடுத்த வருசம் கொம்பனி ரிக்கெற் தருகிறது. ஆகவே மேல்படி அட்டை இனித் தேவையில்லை, கட்டணம் வர முன்னம் நிற்பாட்டிவிடலாம். நீல அட்டை ஒன்று போதும், அவசரத்துக்கு. என்னுடைய புது அட்டையையும் சும்மா வைத்திருக்கிறேன், மைலுக்காக ஓடமாட்டேன். உம்முடைய முடிவு என்ன? இந்த முறை நீர் சொல்லும், நான் கேட்கிறேன்.

றொகான்

குருநகர்
14 செப்ரெம்பர் 2025

என்ரை மனுசனுக்கு,

மேல்படி அட்டையை நிற்பாட்டிவிட்டேன். உங்கள் கடிதம் வர முன்னமே. வங்கியிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்து, மேடம், கட்டணத்தைக் கழித்துவிடுகிறோம், விமான நிலையத்தில் குளிரூட்டின அறையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிற வசதியும் தருகிறோம், ஏன் விடுகிறீர்கள் என்று உருகி உருகிக் கேட்டது. எங்கள் வீட்டுத் தேத்தண்ணி போதும் பிள்ளை என்று சொல்லிவிட்டேன். பாவம், அதுக்கும் மேலே இருக்கிறவர்கள் ஏசியிருப்பார்கள்.

மெரிஷா முதல் நன்மைப் படத்தை இராசாத்தியக்கா கடையில் ஒட்டச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நீங்களும் நிற்கிற படம். நானும் கூடப் போனேன். படத்தை ஒட்ட இடம் பார்க்கும்போதுதான் கவனித்தேன், வாழைக்குலைக்குப் பக்கத்தில் மெசினைக் காணவில்லை. பொலித்தீன் பையும் இல்லை. நீங்கள் நின்ற நாட்களில் உங்களோடு திரிந்ததில் எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

பழுதாகிவிட்டதோ அக்கா என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. உவன் றொகான் வந்த அடுத்த நாளே அந்தப் பெடியனைக் கூப்பிட்டுத் திருப்பிக் குடுத்திட்டன்" என்றா, படத்துக்குப் பசை பூசிக்கொண்டு. ஏன் திருப்பித் தருகிறீர்கள், வியாபாரம் குறைவோ, காரணம் எழுதவேண்டும் என்று றஜிந்தன் கேட்டானாம்.

"ஆள் வந்திட்டார் எண்டு எழுது எண்டனான்."

லவீனா